சின்னமலை எஸ்டேட்டைத் தேடி...

நேயர்களே, உங்களில் அறுபதைத் தாண்டியவர்கள் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். தோட்டத்துத் திடல். இரண்டு கம்பங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணி. வேன்காரர் கொண்டுவந்த புரொஜெக்டர் 'கட கட'வென்று சத்தம் போடுகிறது. முன்வரிசையில் பாய், நடுவில் பலகை, பின்னால் நாற்காலி. நாற்காலியில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை. பெரிய கிராணியும் அவருடைய வீட்டாரும்தான்.

'காதலிக்க நேரமில்லை' படத்தை நான் அப்படித்தான் பார்த்தேன். படம் வெளியானது 1964-இல். எங்கள் தோட்டத்துத் திடலுக்கு அது வந்து சேர மூன்று வருடம் ஆகிவிட்டது. அப்போது எனக்குப் பத்து வயது. ரீல் இரண்டு முறை அறுந்தது, ஒரு முறை மழை தூறியது. ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

அந்தப் படத்தில் வரும் சின்னமலை எஸ்டேட்டைப் பார்த்துவிட்டு வந்த கதையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். "அது சினிமாவுக்காக வைத்த பெயர்தானே, நிஜத்தில் ஏது?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பெயர்தான் பொய். இடம் மெய். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில், ஆனைமலை அடிவாரத்தில், ஆழியாறு அணை என்று ஒன்று இருக்கிறது. அங்கேயும் அதையொட்டிய விருந்தினர் மாளிகையிலும்தான் படத்தின் பல காட்சிகளை எடுத்தார்கள்.

இந்த வயதில் இதென்ன ஆசை என்று நினைப்பீர்கள். ஆசை என்னுடையது அல்ல, என் மனைவியுடையது. அதற்கும் ஒரு காரணம் உண்டு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

எங்களுக்கு ஒரே மகள். ஆசிரியையாக வேலை பார்க்கிறாள். ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது, "அப்பா, நான் ஒருத்தரை விரும்புறேன்" என்றாள். நான் சோற்றைப் பிசைந்தபடியே, "என்ன வேலை?" என்று கேட்டேன். பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. வேலையைத்தான் முதலில் கேட்டேன். "கல்யாண வீடியோ எடுக்கிறார்" என்றாள். "ஓஹோ!" என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று மாதம் பேசவில்லை.

அந்த 'ஓஹோ'வைக் கேட்டு என் மனைவி சிரித்துவிட்டாள். படம் பார்த்தவர்களுக்குக் காரணம் புரிந்திருக்கும். படத்தில் எஸ்டேட் முதலாளி விசுவநாதனுக்கு ஒரு மகன். செல்லப்பா என்று பெயர். நாகேஷ் அந்த வேடத்தில் வருவார். அப்பா பணத்தில் படம் எடுக்கவேண்டும் என்று துடிக்கும் அந்தப் பிள்ளையின் கம்பெனிக்குப் பெயர் 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்'. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் பையனுக்குச் செல்லப்பா என்றே பெயர் நிலைத்துவிட்டது. எனக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாமலா இருக்கும்?

"என்னங்க, ஊருக்குப் போய்ட்டு வரலாம். அந்த பாலையா பங்களாவைப் பார்க்கணும்" என்றாள் மனைவி. புறப்பட்டோம்.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம். அங்கிருந்து கோயம்புத்தூர் வழியாகப் பொள்ளாச்சிக்கு பஸ். பொள்ளாச்சி நல்ல ஊர். சுற்றிலும் தென்னை. நம் ஊரில் செம்பனை நிற்பதுபோல வரிசை வரிசையாக நிற்கிறது. மாட்டுச் சந்தைக்கும் வெல்லத்துக்கும் பேர்போன இடம். காலையில் இட்லி பசியாறிவிட்டு ஒரு வாடகைக் காரைப் பிடித்தோம். டிரைவர் இளைஞர். "சார், சினிமா எடுத்த இடமெல்லாம் காட்டட்டுமா?" என்று அவரே கேட்டார். பொள்ளாச்சியில் அது ஒரு தொழில் போலிருக்கிறது. அத்தனை படங்களை அந்தப் பக்கத்தில் எடுத்திருக்கிறார்கள்.

முதலில் ஆனைமலைக்குப் போய் மாசாணியம்மனைக் கும்பிட்டோம். அம்மன் படுத்த கோலத்தில் இருக்கிறாள். அங்கே நீதிக்கல் என்று ஒரு கல் உண்டு. அநியாயத்துக்கு ஆளானவர்கள் மிளகாயை அரைத்து அந்தக் கல்லில் பூசிவிட்டு அம்மனிடம் நியாயம் கேட்கிறார்கள். அம்மியில் மிளகாய் அரைக்கும் பெண்களை என் மனைவி வெகுநேரம் நின்று பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நம்ம பொண்ணு சார்பா நானும் ஒரு கை அரைச்சுடட்டுமா?" என்றாள். நான் அவசர அவசரமாகக் காருக்கு நடந்தேன்.

ஆழியாற்றில் கார் நின்றதும் முதலில் காற்றுதான் வந்து மோதியது. அணை ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளம். மேலே ஏறி நின்றால் ஒரு பக்கம் தண்ணீர், அதற்குப் பின்னால் மடிப்பு மடிப்பாக மலை. மறுபக்கம் பூங்காவும் தென்னந்தோப்பும். பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம் என்று, மலைமேல் வெவ்வேறு பக்கம் ஓடிய ஆறுகளைச் சுரங்கங்களாலும் கால்வாய்களாலும் இணைத்து, சமவெளிக் காடுகரைக்குத் திருப்பிவிட்ட பெரிய வேலை அது. 1960-களின் தொடக்கத்தில் இந்த அணைக்குத் தண்ணீர் வந்தது. டைரக்டர் ஸ்ரீதர் கேமராவோடு வந்தபோது எல்லாமே புத்தம் புதிது. அந்த நாளில் குடும்பக் கதை சொல்லும் தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. இதை ஈஸ்ட்மென் கலரில் எடுத்தார்கள். வின்சென்டின் ஒளிப்பதிவு. எங்கள் தோட்டத்துத் துணித்திரையில் அந்த நீலத் தண்ணீரைப் பார்த்து ஒரு பாட்டி, "இதென்னடா, சாயத்தைக் கரைச்சு ஊத்திட்டானா?" என்று கேட்டது இன்றும் நினைவிருக்கிறது.

விருந்தினர் மாளிகைக்குள் போக முன்அனுமதி வேண்டும் என்றார் காவலாளி. பரவாயில்லை என்று வெளியே நின்று பார்த்தோம். எனக்கு உள்ளே எந்த வேலையும் இல்லை. நான் பார்க்க வந்தது பங்களாவின் எதிரே உள்ள இடத்தை. கூடாரம் அடித்த இடத்தை.

படம் பார்க்காத இளையவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். விசுவநாதன் பெரிய எஸ்டேட் முதலாளி. டி. எஸ். பாலையா நடித்தார். அவருக்கு இரண்டு மகள்கள். காஞ்சனாவும் ராஜஸ்ரீயும். இருவரையும் பணக்கார வீட்டில் கொடுக்கவேண்டும் என்பது அவருடைய ஒரே கனவு. எஸ்டேட்டில் வேலை பார்க்கும் அசோக் என்ற இளைஞன் இந்தப் பெண்களோடு மோதி வேலையை இழக்கிறான். சும்மா போய்விடாமல் முதலாளி வீட்டுக்கு எதிரேயே கூடாரம் அடித்து, வேலை கேட்டு ஆட்டம் பாட்டத்தோடு மறியல் செய்கிறான். சண்டை காதலாகிறது. பெண்ணைக் கட்டவேண்டுமானால் பணக்காரனாக இருக்கவேண்டுமே! தான் ஒரு கோடீஸ்வரரின் பிள்ளை என்று புளுகிவிடுகிறான். அந்தக் கோடீஸ்வரத் தந்தையாக நடிக்க, தன் நண்பன் வாசுவுக்கு நரைத்த தலையும் மீசையும் வைத்துக் கூட்டிவருகிறான். வாசுவாக வருபவர் முத்துராமன். வந்த இடத்தில் பார்த்தால், வாசு காதலிக்கும் பெண் அதே வீட்டு இன்னொரு மகள்! பிறகு நடக்கும் கூத்தைச் சொல்லித் தீராது. பார்க்கத்தான் வேண்டும்.

அசோக்காக வந்த புதுமுகம் யார் தெரியுமா? ரவிச்சந்திரன். கோலாலம்பூரில் பிறந்தவர். நம் மண்ணின் பிள்ளை! படிப்பதற்காகத் தமிழ்நாட்டுக்குப் போனவரை ஸ்ரீதர் கதாநாயகன் ஆக்கிவிட்டார். 2011-இல் அவர் மறைந்தார். அன்று எங்கள் தோட்டத்தில் இந்தச் செய்தி படத்துக்கு முன்பே வந்துவிட்டது. "நம்ம ஊருப் பையனாம்!" என்று பால்வெட்டுக்குப் போகிறவர்கள் அதிகாலை இருட்டிலேயே பேசிக்கொண்டு போனார்கள். திரையில் அவர் வந்ததும் விசில் பறந்தது. பெரிய கிராணிகூடத் திரும்பி முறைக்கவில்லை.

இப்போது கூடாரத்துக்கு வருகிறேன்.

தோட்டத்தில் வேலை போனால் என்ன ஆகும் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். வேலையோடு வீடும் போகும். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். பெயர் அழிந்த மறுநாளே சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு புறப்படவேண்டியதுதான். படம் வந்த காலம் எப்படிப்பட்டது? பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக்கி விற்றுக்கொண்டிருந்த காலம். துண்டாடலில் எத்தனை குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன! அதைப் பார்த்துத்தான் 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நம் தாய் தந்தையர் கூலியில் மிச்சம் பிடித்துப் பங்கு சேர்ந்து தோட்டம் வாங்கினார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டம் அந்த வருடங்களில்தான் துண்டாகிப் போனது. அங்கிருந்து வந்த இரண்டு குடும்பங்கள் எங்கள் லயத்துக் கோடியில் ஒண்டியிருந்தன. சாக்குத் துணியில் மறைப்புக் கட்டியிருந்தார்கள்.

அவர்களும் அன்றைக்குப் படம் பார்க்க வந்திருந்தார்கள். வேலை இழந்தவன் முதலாளி வாசலில் கூடாரம் அடித்த காட்சியில், அவர்கள்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வர வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பத்து வயதில் எனக்கு அது விளங்கவில்லை. ஆழியாற்றில் அந்த இடத்தில் நின்றபோது விளங்கியது போலிருந்தது. முதலாளியின் வாசலில் நின்று வேலை கேட்டுப் பாட்டுப் பாட முடியும், போலீஸ் வந்து அடிக்காது, முதலாளியே மாடியில் நின்று தவிப்பார் என்று ஓர் உலகத்தை யாரோ கலரில் எடுத்துக் காட்டினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

ஸ்ரீதருக்கு இப்படிச் சிரிக்கவைக்கவும் தெரியும் என்று அதுவரை அதிகம் பேருக்குத் தெரியாது. 'கல்யாணப் பரிசு' 1959-இல் வந்தது. காதலைத் தியாகம் செய்து, பார்த்தவர்களை எல்லாம் அழவைத்த படம். 1962-இல் வந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' ஆஸ்பத்திரியிலேயே நடக்கும் கதை. அதற்கும் கைக்குட்டை நனைந்தது. அந்தப் படங்களில் சிரிப்பு இல்லை என்று சொல்லவில்லை. 'கல்யாணப் பரிசு'வில் தங்கவேலு பண்ணிய அட்டகாசத்தை மறக்க முடியுமா? ஆனால் அது தனி. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய் மாதிரி. காதலர்கள் ஒரு பக்கம் அழுவார்கள், சிரிப்பு நடிகர் இன்னொரு பக்கம் சிரிக்கவைப்பார். அவரோடு சேர்ந்து எழுதிய நண்பர் சித்ராலயா கோபு நகைச்சுவையில் ஊறியவர். இருவருமாகச் சேர்ந்து காதலர்களையே சிரிப்புக்கு இழுத்துவிட்டார்கள். காதலிப்பவனே கோமாளி, காதலைத் தடுப்பவரும் கோமாளி. இதற்கு முன்பும் 1955-இல் 'மிஸ்ஸியம்மா' வந்தது. வேலைக்காகப் புருஷன் பெண்டாட்டி என்று பொய் சொல்லிச் சேரும் இரண்டு வாத்தியார்கள் உண்மையிலேயே காதலர்களாகும் கதை. அதுவும் எனக்குப் பிடிக்கும். என்றாலும் பாலையா மாதிரி ஓர் அப்பா அதில் இல்லை.

பாலையாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. செல்லப்பா தன் படக்கதையை அப்பாவுக்குச் சொல்லும் காட்சி. பேய்க்கதை. கதையில் ஒன்றுமே இல்லை! நாகேஷ் காற்று வீசுகிற சத்தத்தையும் கதவு திறக்கிற சத்தத்தையும் வாயாலேயே போடுகிறார். பாலையா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடியே நடுங்குகிறார். அந்த முகத்தில் மாறி மாறி வரும் பயத்தைப் பார்த்துத்தான் நாம் சிரிக்கிறோம். இந்தப் படத்தை 1965-இல் தெலுங்கிலும் 1966-இல் இந்தியிலும் எடுத்தார்கள். இந்தியில் மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் அதே காட்சியைச் செய்தார்கள். நன்றாகத்தான் செய்தார்கள். ஆனாலும் எனக்கு பாலையாதான். இது பாரபட்சம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த விசுவநாதன் கெட்டவர் அல்ல, கவனித்தீர்களா? பணத்தாசை பிடித்தவர். ஆள் பார்த்துக் கும்பிடுகிறவர். அதே சமயம் பெண்கள்மேல் உயிரை வைத்திருப்பவர். அவர் தோற்கவேண்டும் என்று நாம் ஆசைப்படுகிறோம், ஆனால் அவருக்கு வலிக்கக்கூடாது என்றும் நினைக்கிறோம். இது தமிழனுக்குப் புதிதும் அல்ல. வள்ளி திருமணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தினைப்புனம் காக்கும் பெண். நம்பிராஜன் என்ற கண்டிப்பான அப்பா. காதலன் வேடனாக வருகிறான், வேங்கை மரமாகிறான், கடைசியில் தள்ளாடும் கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்கிறான். உதவிக்கு அண்ணன் யானையாக வந்து நிற்கிறார். முத்துராமன் வைத்த நரைமுடி முருகப்பெருமான் வைத்ததுதானே! எங்கள் தோட்டத்துத் திருவிழாவில் சங்கரதாஸ் சுவாமிகளின் வழியில் வந்த அந்த நாடகத்தை விடிய விடிய நடத்துவார்கள். ஒரு வருடம் கிழவர் வேடம் போட்ட அண்ணன், தாடி ஒட்டுவதற்குப் பசை கிடைக்காமல் ரப்பர் பாலைத் தடவிக்கொண்டார். தினைப்புனத்தில் நன்றாகத்தான் இருந்தது. காலையில் தாடியைப் பிய்க்கும்போது அவர் போட்ட கூச்சல் மேட்டு லயம்வரை கேட்டது.

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு மலை ஏறினோம். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கிறார்கள். என் மனைவி ஒன்பதுவரை எண்ணினாள். பிறகு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். அந்த ஒன்பதாவது வளைவில் இறங்கிக் கீழே பார்த்தால் ஆழியாற்று நீர் ஒரு கண்ணாடித் துண்டுபோலக் கிடக்கிறது. அவ்வளவு பெரிய அணை உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது.

மேலே போனால் தேயிலை. கண்ணுக்கெட்டியவரை வெட்டிவிட்ட பச்சைப் பாய். நடுநடுவே, நேயர்களே, நம் லயங்கள்! அதே நீள வரிசை, அதே தகரக் கூரை, அதே வாசலில் அதே துளசி மாடம். நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த மலைக்கு ஆள்கட்டி வந்தவர்களும் நம்மவர்கள்தான். ஒரே வறட்சி, ஒரே கங்காணி முறை. ஒரு கூட்டம் கப்பல் ஏறியது, ஒரு கூட்டம் மலை ஏறியது. அந்த மலை ஏறியவர்கள் பட்ட பாட்டை, தோட்டத்தில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் 1969-இல் 'ரெட் டீ' என்று நாவலாக எழுதினார். 'எரியும் பனிக்காடு' என்று தமிழிலும் வந்தது. அதை வைத்துத்தான் 2013-இல் பாலா 'பரதேசி' எடுத்தார். குளிரும் காய்ச்சலும் கடனும் அடியுமாகச் செத்தவர்களின் கதை அது.

இது என்னைச் சங்கடப்படுத்தியது என்பதை மறைக்கமாட்டேன். அடிவாரத்தில் ஒரு கதை, மலைமேல் ஒரு கதை. கீழே எஸ்டேட் முதலாளி பேய்க்கதைக்கு நடுங்குகிறார். மேலே அவருக்காகக் கொழுந்து கிள்ளியவர்கள் நிஜமாகவே நடுங்கினார்கள். சின்னமலை எஸ்டேட்டில் வேலை செய்யும் கைகள் எங்கே என்று அன்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டுமோ?

வால்பாறைக் கடைத்தெருவில் டீ குடிக்கும்போது பக்கத்தில் ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். முப்பத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தவராம். நாங்கள் மலேசியா, பால்மரத்து ஆட்கள் என்றதும் என் மனைவியின் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தார். "வெட்டுக் கையி" என்றார். "காதலிக்க நேரமில்லை பார்த்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டேன். பார்த்திருக்கிறாராம், நாலு தடவை. "சங்கடமா இல்லையா? எஸ்டேட்டுல இப்படியா இருக்கும்?" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் சின்னப் பிள்ளையாகிவிட்டேன். "எஸ்டேட்டு எப்படி இருக்கும்னு எங்களுக்குத் தெரியாதா தம்பி? அதைப் பார்க்கவா காசு குடுத்துப் போனோம்?" என்றார்.

அதற்குமேல் அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் மறுபடி ஆழியாற்றில் நிறுத்தினோம். அணையோரக் கடைகளில் மீன் பொரிக்கிறார்கள். மிளகாய்த்தூள் தடவிக் கண்முன்னே எண்ணெயில் போட்டு எடுத்து வாழையிலையில் வைத்துக் கொடுத்தார்கள். அதைத் தின்றுகொண்டிருக்கும்போது கிள்ளானிலிருந்து என் அக்காள் கூப்பிட்டார்.

அக்காளைப் பற்றி இதுவரை நான் சொல்லவில்லை. அன்று திடலில் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்தவர்களில் அவரும் ஒருவர். பதினேழு வயது. கூட்டத்தில் யார் சிரித்தாலும் அக்காளின் சிரிப்பை மட்டும் தனியாகப் பிரித்துவிடலாம். அப்படிச் சிரிப்பார். அன்றைக்குத் திரைக்கம்பம் காற்றில் சாயாமல் பிடித்துக்கொண்டு நின்றவர் சாமான் கடையில் கணக்கெழுதிய ஒரு பையன். படத்தை அவர் பார்த்த மாதிரி தெரியவில்லை. திரைக்குப் பக்கத்திலேயே நின்றபடி கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடம் கழித்து விஷயம் வீட்டுக்குத் தெரிந்தது. என் அப்பா கத்தவில்லை, அடிக்கவில்லை. "கடைப் பையனுக்கு என்ன வருமானம்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அக்காளுக்காக எந்த நண்பனும் நரைமீசை வைத்துக்கொண்டு வரவில்லை. யானையும் வரவில்லை. அப்பா காட்டிய மாப்பிள்ளைக்கு அக்காள் கழுத்தை நீட்டினார். அத்தான் தங்கமான மனிதர், குறை சொல்ல முடியாது. நான்கு பிள்ளைகள், எட்டுப் பேரப்பிள்ளைகள். ஆனால் அந்தச் சிரிப்பை நான் பிறகு கேட்டதாக நினைவில்லை. கடைக்காரப் பையன் அந்த வருடமே தோட்டத்தை விட்டுப் போய்விட்டார்.

"தம்பி, கூடாரம் போட்ட எடத்தைப் பார்த்தியாடா?" என்றார் அக்காள்.

"பார்த்தேன்க்கா."

"எப்படி இருக்கு?"

"சும்மா புல்லுதான் இருக்கு. ரெண்டு மாடு மேயுது."

அக்காள் சிரித்தார். நேயர்களே, அதே சிரிப்பு. கையில் மீன் முள்ளோடு நான் அப்படியே நின்றுவிட்டேன். சிரித்து முடித்துவிட்டு, "உன் பொண்ணுகிட்டப் பேசிட்டியா?" என்றார். "இன்னும் இல்லக்கா" என்றேன். "நம்ம அப்பா மாதிரியே மீனைத் தின்னுக்கிட்டு இரு" என்று போனை வைத்துவிட்டார். நான் மீன் தின்றுகொண்டிருந்தது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. என் மனைவியைச் சந்தேகிக்கிறேன்.

கையைக் கழுவிவிட்டு மகளைக் கூப்பிட்டேன். என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டேன். குடும்பம், பொறுப்பு, எதிர்காலம் என்று பெரிய பெரிய வார்த்தைகளாக வைத்திருந்தேன். "அந்தப் பையன் பக்கத்துல இருந்தா குடு" என்றேன். இருந்தான். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அவன் எப்படி அங்கே இருந்தான் என்பது வேறு விசாரணை.

"சொல்லுங்க மாமா" என்றான். அங்கிள் என்றுகூட இல்லை, நேரே மாமா!

வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கோ போய்விட்டன. "அணைக்கட்டுல இருக்கேன்" என்றேன்.

"ஆழியாறா? படம் புடிச்சீங்களா மாமா? இந்த நேரத்துக்கு மலைக்குப் பின்னால சூரியன் இறங்கும். அத்தையை வெளிச்சத்துக்கு எதிரா நிக்கவச்சு எடுத்துடாதீங்க, முகம் இருட்டாப் போயிடும்."

காலையிலிருந்து எடுத்த படங்களைப் புரட்டிப் பார்த்தேன். மொத்தம் முப்பத்தொன்று. முப்பத்தொன்றிலும் என் மனைவி கறுப்பாக ஒரு நிழல்போல நிற்கிறாள். எந்தப் பக்கம் திரும்பி நிற்கவேண்டும் என்று அவனையே கேட்டு, இன்னொரு படம் எடுத்தேன்.